பஞ்சாங்கத் திதியைக் கொண்டு கடல் ஏறும் நேரத்தைக் கணிப்பது எப்படி?

சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுகங்களுக்கு இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத (கடலின் ஏற்ற வற்ற) அட்டவணை வெளியிடுகிறது. அட்டவணையில் இல்லாத கரைக்கு நாமே கணித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு விவரம் வேண்டும்: நிலா எத்தனை மணிக்கு உச்சியைக் கடக்கிறது, அதன்பின் எவ்வளவு நேரம் கழித்து உங்கள் கரையில் நீர் நிறைகிறது. முதலாவதைப் பஞ்சாங்கத் திதியிலிருந்து கணிக்கலாம். இரண்டாவதை, அதாவது கரையின் தாமதத்தை, அளந்துதான் அறிய வேண்டும்.

நிலா கடல்நீரை மேலே தூக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் ஓத விசை புவியீர்ப்பில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்குதான். அதைக் கொண்டு எதையும் தூக்க முடியாது. நடப்பது வேறு. நிலாவை நோக்கிய பக்கத்தை நிலா பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாக இழுக்கிறது, எதிர்ப்பக்கத்தைச் சற்றுக் குறைவாக. இந்த வேறுபாடு கடற்பரப்பின் மேல் பக்கவாட்டாகவும் செயல்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நீரை மெல்ல ஒதுக்கி, இரு பக்கமும் மேடாக்குகிறது. அதனால்தான் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம். பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நிலாவும் முன்னே நகர்ந்துவிடுவதால், நிலா மீண்டும் உச்சிக்கு வர சராசரியாக 24 மணி 50 நிமிடம் ஆகும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடைவெளி அதில் பாதி, 12 மணி 25 நிமிடம்.

சூரியனுக்கும் பங்குண்டு. நிலாவைவிட அதன் நிறை 2.7 கோடி மடங்கு, தொலைவு 389 மடங்கு. ஓத விசை தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 389-இன் மும்மடி சுமார் 5.9 கோடி. 2.7-ஐ 5.9-ஆல் வகுத்தால் 0.46. நிலாவின் விசையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் சேர்ந்து இழுக்கும்; அஷ்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்கும்.

இனி கணக்கு. திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணத்தை 12 பாகை வீதம் பிரித்தது. வானம் 12 பாகை சுழல 48 நிமிடம் ஆகும். ஆகவே அமாவாசை முடிந்த கணத்திலிருந்து கழிந்த திதிகளை எண்ணி 48-ஆல் பெருக்கி, நண்பகலோடு கூட்டினால் நிலா உச்சிக்கு வரும் நேரம் கிடைக்கும். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. உங்கள் ஊர் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுநேரம். சென்னையில் அது நவம்பர் தொடக்கத்தில் 11:53, பிப்ரவரியில் 12:23 வரை போகும், சராசரி 12:09.

வளர்பிறை பஞ்சமி என்று கொள்வோம். மாலை 4 மணி வாக்கில் அந்தத் திதியில் பாதி கழிந்திருந்தால், மொத்தம் கழிந்தது 4.5. அதை 48-ஆல் பெருக்க 216 நிமிடம், அதாவது 3 மணி 36 நிமிடம். 12:09-உடன் கூட்டினால் 15:45. உங்கள் கரையின் தாமதம் 8 மணி 10 நிமிடம் என்றால் ஏற்றம் இரவு 11:55-க்கு. அதற்கு முந்தையது பகல் 11:30-க்கு. இடையே வற்றம் மாலை 5:42 வாக்கில். தேய்பிறையில் 15-இலிருந்து தொடர்ந்து எண்ணுங்கள். விடை 24-ஐத் தாண்டினால் 24-ஐக் கழித்துவிடுங்கள்.

காலை உதயத் திதியையே நாள் முழுதும் வைத்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நேரும் பிழை. நிலா உச்சியில் நிற்கும் நேரத்துத் திதி வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தவறினால் விடை சுமார் 25 நிமிடம் பிசகும். பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தை விட, இன்றைய வானியல் கணிப்பைப் பின்பற்றும் திருக்கணிதமே இதற்கு ஏற்றது.

தாமதம் ஏன் வருகிறது? 4 கிலோமீட்டர் ஆழக் கடலில் இந்த நீண்ட அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர்தான் ஓடும். நிலநடுக்கோட்டில் பூமி சுழலும் வேகமோ 1,670. நீர்மேடு நிலாவுக்கு நேர் கீழே நிற்க முடியாமல் கண்டங்களில் மோதி, வளைந்து, தன் வழியில் கரைக்கு வருகிறது. இதனால் தாமதம் கரைக்குக் கரை மாறும்.

அதை அளக்க 110 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றை இறங்குதுறைத் தூணில் செங்குத்தாகக் கட்டுங்கள். அடிமுனை வற்றத்திலும் நீருக்குள் இருக்க வேண்டும். அதை மூடியால் அடைத்து, 11 மி.மீ. துளை ஒன்று மட்டும் போடுங்கள். துளையின் விட்டம் குழாயின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், அலைகள் உள்ளே தெரியாது, ஓதம் மட்டும் தெரியும். உள்ளே ஒரு மிதவை. அதன்மேல் சென்டிமீட்டர் குறித்த மெல்லிய கோல். துளையைக் கொட்டலசு (கடலில் எதிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

உச்ச நேரத்தை நேராகப் பார்த்துக் குறிக்காதீர்கள். நீர் அங்கே வெகுநேரம் அசையாமல் நிற்கும், பத்து இருபது நிமிடம் ஏமாற்றிவிடும். ஏறும்போது ஒரு குறியைத் தொட்ட நேரத்தையும், இறங்கும்போது அதே குறிக்கு வந்த நேரத்தையும் எழுதி, நடுநேரத்தை எடுங்கள். அதிலிருந்து நிலா உச்சியைக் கடந்த நேரத்தைக் கழித்தால் தாமதம் கிடைக்கும். குறைந்தது பதினைந்து நாள், முடிந்தால் ஒரு முழு மாதம். இதில் சோம்பக் கூடாது: சூரியனின் குறுக்கீட்டால் தாமதமே பதினைந்து நாளுக்குள் முன்னும் பின்னும் ஊசலாடும்; கோட்பாட்டுக் கணக்கில் சராசரியிலிருந்து 55 நிமிடம் வரை. ஒரே சராசரியை நம்புவதைவிடத் திதிவாரியாகத் தாமதப் பட்டியல் போட்டு வைப்பது நல்லது.

உயரக் கணிப்பு இவ்வளவு நேர்த்தியாக வராது. பெரிய ஏற்றம் பல கரைகளில் அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியே வரும். சென்னையில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1 மீட்டர். நிலாவின் தொலைவு 3,56,500 முதல் 4,06,700 கிலோமீட்டர் வரை மாறுவதால், மிக அருகில் உள்ளபோது விசை மிகத் தொலைவில் உள்ளபோதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். தாழ்வு மண்டல நாட்களில் காற்றும் சேர்ந்து தள்ளும். அந்த நாட்களின் அளவுகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

முகத்துவாரத்துக்கு உள்ளே குழாய் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஆழம் குறைந்த நீரில் ஏற்றம் விரைவாகவும் வற்றம் மெதுவாகவும் நடக்கும். 6 மணி 12 நிமிடம் என்ற பாதிக்கணக்கு அங்கே பொய்க்கும், வற்றத்துக்குத் தனித் தாமதம் எடுக்க வேண்டும். மணல்திட்டு வாயை அடைத்துவிட்டால் அந்த மாதப் பட்டியலையே விட்டுவிட்டு, வாய் திறந்தபின் புதிதாகத் தொடங்குங்கள்.