முயல் தோலில் ஒரு கையில்லாச் சட்டை: கந்தப்பளைக் குளிருக்கான வீட்டுப் பதனிடல்

முயல் அறுக்கிற வீடுகளில் இறைச்சி சட்டிக்குப் போகும், தோல் குழிக்குப் போகும். தை மாசியில் கரட் பாத்தி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிகிற, நுவரெலியாப் பக்கத்து மலையூர் இந்தக் கந்தப்பளை. இங்கே அந்தத் தோலைப் புதைப்பது எனக்குச் சம்மதமில்லை. நான் தையல்காரி. பள்ளிச் சீருடையும் சட்டையும்தான் என் பிழைப்பு. முயல் தோலில் குழந்தைத் தொப்பி, கையில்லாச் சட்டை தைப்பது ஆசைக்குச் செய்வது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு வாசலில் நின்றபடி பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் சொல்வது வீட்டில் வளர்த்த முயலுக்கும் ஆட்டுக்கும் மட்டும். காட்டு மிருகத்தின் தோலை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கையை நீட்டாதீர்கள். மரையோ, சருகுமானோ, சிறுத்தைப் புலியோ, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது வழக்கில் கொண்டுபோய் விடும். பன்றிக்கு என்று தோட்டங்களில் வைக்கிற கம்பிக் கண்ணியில் என்னென்ன சாகிறது என்று நமக்குத் தெரியாதா? 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தையும் பிழைக்கவில்லை.

தோலுக்கு ஆறு மாதம் தாண்டிய முயல்தான் நல்லது. இளசின் தோல் இழுக்கும்போதே கிழியும். ரோமத்தை ஊதிப் பாருங்கள், விரலால் லேசாக இழுத்தும் பாருங்கள். கொத்தாகக் கையோடு வந்தால் அது ரோமம் உதிர்க்கிற பருவத்து முயல். கறிக்கு ஆகும், சட்டைக்கு ஆகாது. சொறியோ வட்ட வட்டமாக ரோமம் போன இடமோ இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். முயலின் படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும்.

உரித்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் இரத்தம் போக அலசுங்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்க முடியாவிட்டால், சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து, தோலின் எடையில் பாதிக்குக் குறையாமல் தூள் உப்பை அழுத்தித் தேயுங்கள். ஓரம், கால், கழுத்து மடிப்பு எதையும் விடக்கூடாது. இங்கே குளிர் என்பதால் கொழும்பைவிட நமக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, அதற்காக நாளைக்குப் பார்க்கலாம் என்று போட்டுவிடாதீர்கள். அழுகல் முதலில் வயிற்றுப் பக்கம்தான் பிடிக்கும். அங்கே ரோமத்தின் வேர் ஒருமுறை இளகிவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் திரும்பப் பிடிக்காது.

எங்கள் பக்கத்தில் தோல் என்றாலே தப்பு மேளம்தான் ஞாபகத்துக்கு வரும். காமன் கூத்துக்கு முன்னால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்களே, அது பதனிடாத பச்சைத் தோல். ரோமத்தை எடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் உள்ளே இருக்கிற நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பில்தான் நாதம். நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். நாருக்கும் நாருக்கும் நடுவில் ஏதாவது புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் வைக்க வேண்டும். படிகாரம் பாதியைச் செய்யும். மீதிப் பாதி உங்கள் கை. மருந்துக் கணக்கைத்தான் எல்லாரும் கவனமாக எழுதிக்கொண்டு போகிறார்கள், கை வேலையை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

மருந்துக் கணக்கு இது. ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் 4 லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் 450 கிராம் படிகாரத் தூள் கரைய வேண்டும். வேறொரு பாத்திரத்தில் 2 லீட்டர் தண்ணீரில் 120 கிராம் வாஷிங் சோடாவும் 240 கிராம் உப்பும். இந்தச் சோடாத் தண்ணீரைப் படிகாரத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், வாளியின் மேல்பாதி காலியாக இருக்கட்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு அடியில் தங்கிவிடும், அது தோலுக்குள் போகாது. அலுமினியச் சட்டி, இரும்பு வாளி இரண்டும் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொழுந்து பறித்து வெடித்த விரல் என்றால் படிகாரம் எரியும்.

மூன்று நான்கு முயல் தோலுக்கு இந்த அளவு தாராளம். உப்பிட்ட தோலாக இருந்தால் முதலில் தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் விட்டுக் கொழுப்புப் போகக் கழுவிப் பிழிந்துவிட்டுத்தான் வாளியில் இறக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு குச்சியால் புரட்டிவிடுங்கள். மடிந்து கிடக்கிற இடத்தில் மருந்து ஏறாது.

முயல் தோலின் உட்பக்கம் ஒரு சவ்வு இருக்கும். பச்சையாக இருக்கும்போது அதைச் சுரண்டப் போனால் தோல் ஓட்டையாகிவிடும். இரண்டு நாள் மருந்தில் கிடந்த பிறகு எடுத்து, பின்கால் பக்கம் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்துப் பாருங்கள். வேகவைத்த முட்டையின் உள்தோலைப் போல அகலமாக உரிந்து வரும். கழுத்துப் பக்கம் முரண்டு பிடிக்கும். அங்கே மட்டும் மொட்டைக் கத்தியோ கரண்டியின் விளிம்போ போதும். சவ்வு போன பிறகு இன்னும் இரண்டு மூன்று நாள் அதே மருந்தில். ஆனதா என்று பார்க்கக் கழுத்து ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பாருங்கள், வெட்டு வாய் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் பச்சைத் தோலின் நிறமாக ஒரு கோடு தெரிந்தால் இன்னும் ஒரு நாள்.

"ஏங்க்கா, சுத்தித் தேயிலைய வச்சுக்கிட்டுப் படிகாரத்துக்குக் காசு குடுக்கணுமா?" இதைக் கேட்காத ஆளில்லை. தேயிலைச் சாயத்திலும் துவர்ப்பு இருக்கிறது, மெல்லிய தோலை ஓரளவு பதப்படுத்தும், பொய்யில்லை. ஆனால் சாயத்தைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும், வெள்ளை ரோமம் பழுப்பாகிவிடும். துவர்ப்புத்தான் வேண்டுமென்றால் விறகுக்கு வெட்டுகிற வாட்டில் மரத்துப் பட்டை இதைவிட எவ்வளவோ மேல். பட்டையை அவித்து, ஆறவைத்து, முதலில் நீர்த்த சாற்றில் போட்டுப் படிப்படியாகத் திடமாக்க வேண்டும். எடுத்தவுடன் திடமான சாற்றில் போட்டால் மேல்பக்கம் இறுகிக்கொண்டு உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். வாரக்கணக்கில் ஆகும். இரும்பு பட்டால் கறுத்தும் போகும். ஆட்டுத் தோலில் உட்காரும் விரிப்புச் செய்ய அது சரி. முயல் தோலுக்கு நான் படிகாரத்தை விட்டு அசைய மாட்டேன்.

மருந்திலிருந்து எடுத்த தோலை நன்றாக அலசுங்கள். பிறகு 4 லீட்டர் தண்ணீருக்கு 30 கிராம் அப்பச்சோடா (பேக்கிங் சோடா) கரைத்து இருபது நிமிடம் வையுங்கள், புளிப்பு முறியும். மறுபடி ஒரு அலசல். உப்பு மிஞ்சினால் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து, உடுப்பு எந்நேரமும் நசநசவென்றே இருக்கும், ஆகவே இதில் சோம்பல் கூடாது. அளவுக்கு மீறிக் கழுவினால் படிகாரமும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். வாளித் தண்ணீரை ஓடையிலோ லீக்ஸ் பாத்தியிலோ ஊற்றாதீர்கள். லயத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர் வருகிற வழியை விட்டு விலகி ஒரு குழி தோண்டி அதில் விடுங்கள்.

அடுத்தது எண்ணெய். கீழ்நாட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் என்பார்கள். நம் வீட்டில் அது போத்தலிலேயே உறைந்து கிடக்கிறது, தோலுக்குள் போனாலும் அதே கதிதான். ஒரு முட்டை மஞ்சள்கரு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர் மூன்றையும் அடித்துக் கலந்து, ஈரம் பிழிந்த தோலின் சதைப்பக்கம் மட்டும் விரலால் தேயுங்கள். ரோமத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் முட்டை வெந்துவிடும், தோலும் சுருங்கும். சதைப்பக்கம் உள்ளே இருக்க மடித்து ஒரு இரவு விட்டு, மறுநாள் நிழலில் தொங்கவிடுங்கள்.

இனி கையின் வேலை. வெயில் ஊர்களில் தோல் நாம் பார்க்காத நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே மூடுபனியில் ஒன்றரை நாள், இரண்டு நாள் எடுக்கும். துணி காயவில்லை என்று திட்டுகிற அதே குளிர் இதற்கு உதவி, ஏனென்றால் பாதி காய்ந்த அந்த நேரம் நமக்கு நீளமாகக் கிடைக்கிறது. அடுப்புக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள், அனல் பட்ட இடம் விறைத்துவிடும்.

ஓரம் காய்ந்து, நடுப்பகுதி தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கிற நேரத்தைப் பிடியுங்கள். நீளத்துக்கு இழுங்கள், அகலத்துக்கு இழுங்கள், மூலைக்கு மூலை இழுங்கள். இழுத்த இடத்தில் மங்கலான சாம்பல் நிறம் போய்ப் பளிச்சென்று வெள்ளை எழும்பும். நார் பிரிந்த அடையாளம் அது. முழுத் தோலும் அந்த வெள்ளைக்கு வர வேண்டும். பிறகு கூர்மையில்லாத பலகை விளிம்பிலோ நாற்காலியின் முதுகிலோ சதைப்பக்கத்தை வைத்து முன்னும் பின்னும் இழுத்துத் தேயுங்கள். வயிற்றுப் பக்கம் மெல்லியது, மெதுவாக. முதுகும் கழுத்தும் தடிப்பு, அங்கே தோள் வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் தேய்த்து, தொங்கவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி தேயுங்கள். முழுதும் காய்கிற வரை இதுதான். ஒரு மூலை விறைத்துப்போனால் ஈரத்துணியால் சதைப்பக்கத்தை ஒற்றி, சுருட்டி ஒரு இரவு வைத்து மறுபடி தொடங்கலாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

காய்ந்த தோலின் சதைப்பக்கத்தை மெல்லிய அரத்தாளால் ஒரு தேய்ப்பு. ரோமத்துக்கு வெதுவெதுப்பான மரத்தூளைத் தூவிப் பிசைந்து உதறினால் எண்ணெயும் அழுக்கும் போய்ப் பூத்துக்கொண்டு வரும். பைன் மரத்தூள் வேண்டாம், பிசின் ஒட்டும்.

வெட்டும்போது கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். சதைப்பக்கம் பேனாவால் வரைந்து, தோலைத் தூக்கிப் பிடித்து, பிளேடு நுனியால் தோலை மட்டும் கீறுங்கள். ரோமம் வெட்டுப்படக்கூடாது. எல்லாத் துண்டிலும் ரோமம் ஒரே பக்கம், கீழ்நோக்கிச் சாய வேண்டும். இரண்டு விளிம்பையும் முட்டவைத்து, நடுவில் நீட்டுகிற ரோமத்தை ஊசியால் உள்ளே தள்ளிக்கொண்டே, நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். தைத்த வரியை நகத்தால் நீவிவிட்டால் வெளிப்பக்கம் தையல் இருந்த இடமே தெரியாது. இதைக் கையால்தான் செய்ய வேண்டும், வீட்டு மெஷினில் ரோமம் போய்ச் சிக்கிக்கொள்ளும். குழந்தைத் தொப்பிக்கு ஒன்றிரண்டு தோல், சிறுபிள்ளையின் கையில்லாச் சட்டைக்கு ஐந்தாறு. உள்ளே பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். கைக்குழந்தையைத் தூங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

மழையில் நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியேறும். தெரியாமல் நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, நிழலில் தொங்கவிட்டு, காய்கிற நேரத்தில் மறுபடி இழுத்துத் தேயுங்கள். மெஷினில் துவைக்கிற பேச்சே வேண்டாம். வைகாசி தொடங்கினால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். துணிப்பையில் போட்டு, வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். பிள்ளை உடுப்பு இருக்கிற பெட்டியில் பூச்சி உருண்டை மட்டும் போடாதீர்கள். அந்த நெடி கைக்குழந்தைக்கு ஆகாது.