துரை கொடுத்த இரட்டைக்குழல்: அசல்தானா என்று பார்ப்பது எப்படி

பெங்களூரின் பழைய தமிழ்க் குடும்பங்களில் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தால் அதற்கொரு கதையும் இருக்கும். தங்கவயல் துரையோ குடகுக் காப்பித் தோட்டத்துத் துரையோ சீமைக்குப் போகும்போது தாத்தாவிடம் கொடுத்தது என்பார்கள். கதையையும், இரு குழல்களையும் இணைக்கும் பட்டையான ரிப்பின் மேல் பொறித்திருக்கும் பெயரையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பெயரை எவரும் வெட்டிவிடலாம். சான்று இருப்பது குழலின் அடிப்பக்கத்தில்.

அதற்கு முன் சட்டம். சுடக்கூடிய துப்பாக்கிக்கும், பழுதுபார்த்தால் சுடக்கூடியதற்கும் வயது 100 தாண்டினாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழுதுபார்த்தும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. எது அப்படிப்பட்டது என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. உரிமமில்லாத துப்பாக்கி பரணில் கிடைத்தால் காரில் போட்டுக்கொண்டு கடை கடையாக அலையாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள். உரிமம் இருந்தால், ஆயுத வியாபாரியின் மேசையில் வைத்துப் பார்ப்பதே வசதி. அளவுகோல்களும் அங்கே இருக்கும்.

மேல் லீவரைத் தள்ளித் திறந்து, தோட்டா வைக்கும் இரு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். சிக்கிக்கொண்ட பழைய தோட்டா இருந்தால் நோண்டாதீர்கள், வியாபாரி எடுக்கட்டும். காலித் துப்பாக்கியின் விசையைச் சும்மா இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம், தோட்டாவைத் தட்டும் ஊசி உடையலாம்.

குழலின் அடியில் இடக்கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலை எடுத்துத் திருப்புங்கள். அறைக்குக் கீழே உள்ள தட்டையான பகுதியில் குழலைச் சுட்டுச் சோதித்த சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். குறுக்காக வைத்த இரு செங்கோல், மேலே கிரீடம் என்றால் பர்மிங்காம், 1904க்கு முந்தியது. கிரீடத்தின் கீழ் 'பி.பி.', 'பி.வி.' எழுத்துகள் என்றால் அதே ஊர், 1904க்குப் பிந்தியது. பின்னிய 'ஜி.பி.'யும் கிரீடமும் லண்டன். முட்டை வடிவ வளையத்துக்குள் 'இ.எல்.ஜி.'யும் நட்சத்திரமும் பெல்ஜியத்தின் லியேஜ். வளையத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது. 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்த பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளம். புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனமான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் செய்தது என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. கல்கத்தா மேன்டன், ரோடா போன்ற பெயர்கள் இருந்தால் அது விற்ற கடையைத்தான் சொல்லும்; செய்தவர் பர்மிங்காமில் யாராவது இருக்கலாம். அது போலி ஆகாது.

வயதுக்கு வேறு தடயங்களும் உண்டு. 'நாட் ஃபார் பால்' (குண்டுக்கு அல்ல) என்ற சொற்கள் 1875 முதல் 1887 வரை. வைர வடிவக் கட்டத்துக்குள் குழலின் போர் (துளை அளவு) எண்ணான 12க்குக் கீழே 'சி' என்றால் 1887க்குப் பிறகு. அறையின் நீளமும் பொறித்திருந்தால் 1925க்குப் பிறகு. ஹேமர் வெளியே தெரியாத பாக்ஸ்லாக் அமைப்புக்கு ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்றது 1875இல். அப்படிப்பட்ட துப்பாக்கியை 1857 கலகத்தில் சுட்டது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

எண்களை ஒப்பிடுவது அடுத்தது. விசையைச் சுற்றி வளைந்த விசைக்காப்பின் வால், குழல் மாட்டும் இரும்புடலான ஆக்‌ஷன், குழல், முன்கட்டை இரும்பு எல்லாவற்றிலும் ஒரே எண் வரவேண்டும். குழலில் மட்டும் வேறு எண் என்றால் குழல் மாற்றப்பட்டது. ரிப்பில் 1 அல்லது 2 என்று தங்கத்தில் இருந்தால் அது ஜோடியில் ஒன்று. உரிமப் புத்தகத்தில் 'டி.பி.பி.எல். 12 போர்' (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல்) என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள். எழுதியவர் காப்புரிமை எண்ணையே துப்பாக்கி எண்ணாக எழுதியிருக்கலாம். துலக்குகிறேன் என்று எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதை 8ஆம் பிரிவு தடுக்கிறது.

இனிக் குழல். முத்திரைகள் வழுவழுவென்று மங்கியிருந்தால் யாரோ அரத்தாலோ சக்கரத்தாலோ தேய்த்திருக்கிறார். கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு நிறமும் நல்லதில்லை: இரட்டைக்குழலின் ரிப்பை ஈயப்பற்றால் ஒட்டியிருப்பார்கள், சூடான காரக்கரைசலில் கறுப்பேற்றினால் பற்று அரித்துப்போகும். அடியிலுள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல்மூட்டால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, கரகரவென்று அதிர்ந்தால் ரிப் விட்டிருக்கிறது. அறைக்குச் சற்று முன்னால் குழலைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால் பழைய அடிப்பகுதியில் புதுக்குழல் செருகியது.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலின் சுருள் சுருளான கோலம் அசலானால் முன்கட்டைக்கு உள்ளே மறைந்த பகுதியிலும் தொடரும். வெளியே மட்டும் இருந்தால் அமிலத்தால் வரைந்தது. டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. பழைய 12 போர் அறைகள் பெரும்பாலும் 65 மி.மீ.; 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும்.

குழலை மாட்டி, முன்கட்டை இல்லாமல் ஆட்டிப் பாருங்கள். முன்கட்டையின் வில் ஆட்டத்தை மறைத்துவிடும். மூடிய நிலையில் குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தேய்மானம் அதிகம். திருகுகளின் பிளவு கிழிந்திருந்தால் கைதேராதவர் திறந்திருக்கிறார். கட்டையின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோளில் படும் முனையில் ரப்பர் திண்டு வந்திருந்தால் கட்டை அறுபட்டிருக்கலாம்.

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் எண் என்றால் அந்தந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். கட்டணத்துக்குப் பதிவேட்டு விவரம் தருவார்கள். அதில் குழல் 30 அங்குலம் என்றிருந்து கையிலிருப்பது 28 என்றால் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள்: அறுத்த இரட்டைக்குழலில் இரு வாய்களும் ஒன்றையொன்று தொடாது, நடுவே உலோகம் வைத்து அடைத்திருப்பார்கள்.