35 எம்எம்மா, 120 ரோலா? செய்தித்தாளையும் கத்தரிக்கோலையும் வைத்து முடிவு செய்யலாம்

ஃபிலிம் கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் எடுத்ததுமே பென்டாக்ஸா, நிக்கானா, யாஷிகாவா என்று பெயரில் இறங்கிவிடுகிறார்கள். பிரிண்ட் போட்டு மாட்டுவதுதான் ஆசை என்றால், முதலில் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவரை. 35 எம்எம், 120 என்பவை ஃபிலிமின் இரண்டு அளவுகள், 120தான் பெரியது. எது வேண்டும் என்பது மாட்டப்போகும் பிரிண்டின் அளவைப் பொறுத்தது.

படி 1. பழைய செய்தித்தாளில் 8×10 அங்குலத்துக்கு ஒரு துண்டும் 16×20 அங்குலத்துக்கு ஒரு துண்டும் வெட்டி, படம் வரப்போகும் இடத்தில் ஒட்டிவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து பாருங்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், வீட்டில் கேட்டால் சமாளித்துக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பத்தே போதும் என்று தோன்றினால் பாதி வேலை முடிந்தது.

படி 2. ஒரு அட்டையில் 24×36 மி.மீ. அளவில் ஒரு சன்னலும் 56×56 மி.மீ. அளவில் இன்னொன்றும் வெட்டுங்கள். முதலாவது 35 எம்எம் நெகட்டிவ், தபால்தலை அளவுதான். இரண்டாவது 120 ரோலில் கிடைக்கும் 6×6, கிட்டத்தட்ட ஒரு பிஸ்கட் அளவு (பெயரில்தான் ஆறு சென்டிமீட்டர், படம் விழுவது 56 மி.மீ.தான்). 35 எம்எம்மில் ஒரு ரோலுக்கு 36 படம், 6×6இல் 12.

படி 3. இதுதான் முக்கியமான கணக்கு. நெகட்டிவை எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறோம்? 8 அங்குலம் என்பது 203 மி.மீ., அதை 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய எட்டரை மடங்கு. அதே எட்டுக்குப் பத்தை 6×6இலிருந்து போட்டால் நாலரை மடங்குதான் (படம் சதுரம் என்பதால் இங்கே நீளப் பக்கமான 10 அங்குலத்தை, அதாவது 254 மி.மீ.யை, 56ஆல் வகுக்க வேண்டும்). 16×20க்குப் போனால் 35 எம்எம்மில் 17 மடங்கு, 6×6இல் 9. அதாவது 6×6இலிருந்து போட்ட பெரிய பிரிண்டும், 35 எம்எம்மிலிருந்து போட்ட எட்டுக்குப் பத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு இழுக்கப்பட்டவை. இழுக்க இழுக்க ஃபிலிமின் மணி (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்), கை நடுக்கம், நெகட்டிவில் ஒட்டிய தூசி எல்லாமே கூட வளரும். என் கணக்குக்கு 10 மடங்கு வரை 35 எம்எம் தாராளம், அதைத் தாண்டினால்தான் 120 பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, 35 எம்எம்மில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமைப் (எண் குறைந்தால் மணி சிறிது, வெளிச்சம்தான் கூட வேண்டும்) போட்டு, ட்ரைபாடில் நிறுத்தி, எஃப் 8இல் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) எடுத்த படம், பெரிய கேமராவில் 400 ஃபிலிமைப் போட்டுக் கையில் பிடித்து அவசரமாக எடுத்ததை எட்டுக்குப் பத்தில் சுலபமாக வெல்லும். 6×6இன் சாதாரண லென்ஸ் 80 எம்எம் என்பதால், ஒரே எஃப் எண்ணில் 35 எம்எம் கேமராவின் 50 எம்எம் லென்ஸை விட ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) குறையும். எஃப் 11, 16 என்று மூட வேண்டிவரும், ஷட்டர் மெதுவாகும், கடைசியில் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. ஓடும் குழந்தையைப் படம் பிடிக்கத்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு 35 எம்எம் வாங்கிக்கொள்ளலாம்.

படி 4. யார் பிரிண்ட் போடப் போகிறார்கள் என்று காசு கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். 35 எம்எம்முக்கு மட்டும் செய்யப்பட்ட என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் தாளில் விழவைக்கும் கருவி) 6×6 நெகட்டிவ் உட்காரவே உட்காராது, அதற்கு ஏற்ற கேரியரும் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) 75 அல்லது 80 எம்எம் லென்ஸும் வேண்டும். நான் இதைக் கேட்காமல் கேமராவை வாங்கிவிட்டு இரண்டு மாதம் நெகட்டிவ்களை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் வழி என்றால் 120க்கு அது நன்றாகவே ஒத்துழைக்கும், 35 எம்எம் அதில் கொஞ்சம் மொழுக்கென்றுதான் வரும்.

படி 5. சரி, கேமரா. பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். 35 எம்எம்முக்கு பென்டாக்ஸ் கே1000 போல பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும் கேமரா பழகுவதற்கு நல்லது. 120க்கு யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா: எடுக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழாததால் அதிர்வு குறைவு, மேலே குனிந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இதே 120 ரோல் போடும் மாமியா ஆர்பி67 படம் அருமை, ஆனால் லென்ஸோடு இரண்டரை கிலோவுக்கு மேல், முதல் கேமராவாக வேண்டாம். எதுவானாலும் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படிந்திருப்பது சகஜம். பிறகு ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். நடுவில் திக்கி நின்றால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 6. 120 ரோலுக்கு டப்பி கிடையாது, பின்னால் காகிதம் மட்டும்தான். நிழலில் நின்று போடுங்கள், காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவில் உள்ள புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்த பிறகே மூடியைச் சாத்துங்கள். எடுத்து முடித்ததும் ரோல் தளர்ந்துவிடாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, அதிலேயே இருக்கும் பசைத்தாளை நாக்கில் தொட்டு இறுக்கி ஒட்டிவிடுங்கள். தளர்ந்தால் ஓரமெல்லாம் வெளிச்சம் ஏறிவிடும், 12 படத்தில் நாலைந்து போனால் மனசு தாங்காது.