பறக்கும்போது ஆல்டர்னேட்டர் செயலிழந்தால்: செஸ்னா 172எஸ் விமானிகளுக்கு

வட்ட முகப்புக் கருவிகள் கொண்ட செஸ்னா 172எஸ் விமானத்தில், இயந்திரத்தால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் செயலிழந்து மின்னழுத்தம் 24.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் இயந்திரம் நின்றுவிடாது. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை இயந்திரத்தோடு சுழலும் இரண்டு மேக்னெட்டோக்களே உண்டாக்குகின்றன, எரிபொருளையும் இயந்திரம் இயக்கும் பம்பே தருகிறது. ஆகவே இக்கோளாறுக்காக இயந்திரச் சாவியை மட்டும் தொடவே கூடாது. அதைத் திருப்பி அணைத்தால்தான் இயந்திரம் உண்மையிலேயே நிற்கும்.

விமானத்தை நிலையாகப் பறக்கவிட்டு, ஏவியானிக்ஸ் (ரேடியோ முதலிய மின்னணுக் கருவிகள்) சுவிட்ச்சை அணையுங்கள். ஆல்டர்னேட்டருக்குரிய சர்க்யூட் பிரேக்கர் உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மின்சாரம் முழுவதற்குமான மாஸ்டர் சுவிட்ச்சின் இரு பாதிகளையும் (பேட்டரி, ஆல்டர்னேட்டர்) அணைத்து மீண்டும் போடுங்கள். விளக்கு அணைந்தால் ஏவியானிக்ஸைத் திரும்பப் போடலாம். மறுபடியும் எரிந்தால் ஆல்டர்னேட்டர் பாதியை அணைத்துவிட்டு, தரையிறங்குவதற்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப முயல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; அந்த நிமிடங்களில் பேட்டரிதான் கரைகிறது.

இனி உங்களிடம் இருப்பது 24 வோல்ட் பேட்டரி ஒன்றே. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதன் வயதையும், நீங்கள் எத்தனை கருவிகளை எரியவிடுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. எனவே தரையிறங்கு விளக்கு, பிட்டாட் சூடாக்கி (வேகமானிக்கான காற்றுக்குழாயில் பனி உறையாமல் காப்பது), இரண்டாவது ரேடியோ ஆகியவற்றுள் அப்போது தேவைப்படாதவற்றை உடனே அணைத்துவிட வேண்டும். அதற்குமுன், ரேடியோ உயிரோடு இருக்கும்போதே, கோளாறையும் நீங்கள் செல்லவிருக்கும் நிலையத்தையும் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தபின் சொல்ல வழியிருக்காது.

மின்சாரம் முற்றிலும் போனாலும் வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி ஆகியவை வேலை செய்யும்; வெற்றிடப் பம்பால் இயங்கும் செயற்கைத் தொடுவானமும் நிற்காது. மின்சாரத்தால் இயங்கும் எரிபொருள் அளவுமானிகள் பொய் சொல்லும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து மீதியைக் கணக்கிடுங்கள்.

ரேடியோ மட்டும் மௌனமாகி டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் கருவி) இயங்கினால் அதில், ரேடியோ செயலிழந்ததைக் குறிக்கும் 7600 என்ற எண்ணை வையுங்கள். கோபுரத்திலிருந்து வரும் நிலையான பச்சை ஒளி தரையிறங்க அனுமதி. நிலையான சிவப்பு, பிறருக்கு வழிவிட்டு வட்டமிடச் சொல்கிறது. பகலில் இறக்கைகளை அசைத்து, கண்டுகொண்டதைத் தெரிவியுங்கள்.

எரியும் நாற்றமோ புகையோ வந்தால் மேற்சொன்ன வரிசை பொருந்தாது. அப்போது மாஸ்டர் சுவிட்ச்சை உடனே அணைக்க வேண்டும். துண்டித்துக்கொண்ட எந்த சர்க்யூட் பிரேக்கரையும் மீண்டும் அழுத்தக் கூடாது.

இறக்கைகளின் பின்விளிம்பில் கீழே இறக்கக்கூடிய ஃபிளாப்புகளும் மின்மோட்டாரால் இயங்குபவை. பேட்டரி நலிந்த நிலையில் அவற்றை முழுவதும் இறக்கிவிட்டால், மீண்டும் மேலெழ நேரும்போது மடக்க முடியாமல் போகலாம். பகலில் நீண்ட ஓடுபாதை கிடைக்குமானால், ஃபிளாப் இல்லாமலே 65 முதல் 75 நாட் வேகத்தில் அணுகுவதையே நான் பரிந்துரைப்பேன். விமானம் தரையை ஒட்டிச் சற்று நீளமாக மிதக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள்.