14-ஐ 41 என்று எழுதும் குழந்தைக்கு

ஆங்கில வழியில் படிக்கிற குழந்தை 14-ஐ 41 என்றும், 17-ஐ 71 என்றும் மாற்றி எழுதினால், எண்ணைத் தமிழில் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

'ஃபோர்டீன்' என்னும்போது நாலுதான் முதலில் காதில் விழுகிறது, கேட்ட வரிசையிலேயே கையும் 4-ஐ முதலில் போட்டுவிடுகிறது, பாவம் அதன் மேல் தப்பில்லை. பதினான்கில் பத்து முன்னால் வந்து நான்கு பின்னால் வருகிறது, எழுதுகிற வரிசையும் அதேதான். கூடவே பத்துப் புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெளியே நாலு வைத்து, "பத்து இங்க, நாலு அங்க" என்று கிண்ணத்தைக் குழந்தைக்கு இடப்பக்கம் வைத்தால் அந்த 1 என்பது ஒன்று இல்லை, ஒரு பத்து என்பது கண்ணுக்கே தெரியும். (வாயில் போடுகிற வயது என்றால் கொட்டை வேண்டாம், பெரிய பட்டன் கூட வேண்டாம், கரண்டிகளை எண்ணுங்கள்.)

13 முதல் 19 வரைக்கும்தான் இந்தக் குழப்பம், 20-க்கு மேல் ஆங்கிலத்திலும் பத்து முதலில் வந்துவிடுவதால் தேவைப்படாது. 90-களில் தமிழே காலை வாரிவிடும்: தொண்ணூறில் நூறு ஒலிப்பதால் சில பிள்ளைகள் 100-க்குப் போய்விடுவார்கள், அங்கே 'நைன்டி'யே மேல். 3-ஐயும் 7-ஐயும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது வேறு விஷயம், அதற்கு இது உதவாது, ஐந்தாறு வயதில் அது சகஜம்.