டாப்ஸில் பாப் ஆர்ட் நுங்கு: ஸ்டென்சில் செய்முறை

அன்றாடப் பொருளையே ஓவியமாக்கும் பாணி பாப் ஆர்ட். 1962இல் அதன் முன்னணி ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தது கடையில் எல்லாரும் வாங்கும் சூப் டப்பாவை, 32 ஓவியங்கள். அதே டப்பாவை நாமும் நகலெடுப்பதில் என்ன இருக்கிறது? சித்திரை வெயிலில் திருநெல்வேலிச் சாலையோரம் சீவிக் குவித்திருக்கும் நுங்கு போதும். ஒரு வட்டம், உள்ளே மூன்று கண்.

துணி: 44 அங்குல அகல வெள்ளைப் பருத்தி, 2¼ மீட்டர். அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயிண்ட் இழைக்குள் இறங்காமல் துவைக்கும்போது உரியும். வெட்டு, 1960களின் நேரான ஏ-லைன் (கீழே போகப்போக விரியும் வெட்டு). டார்ட் (உடலோடு ஒட்டுவதற்கான மடிப்புத் தையல்) பிடித்தால் வட்டம் கோணிவிடும். வெட்டியபின், தைக்கும் முன்பே பெயிண்ட் அடியுங்கள்.

ஸ்டென்சிலுக்கு (வடிவம் வெட்டிய அச்சுத்தாள்) ஓஎச்பி ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், 3. பழைய எக்ஸ்ரே பிலிமும் ஆகும், ஆனால் ஊடே தெரியாது. மூன்று நிறமும் சரியாகப் பொருந்த, மூன்றிலும் ஒரே இடத்தில் இரண்டு மூலைக்குறி போடுங்கள்.

முதல் ஷீட்: 18 செ.மீ. வட்டம், மஞ்சள்.

இரண்டாவதுதான் உயிர். 6 செ.மீ. நீள முட்டை வடிவம் மூன்று வரையுங்கள், வெட்ட வேண்டாம்; அவற்றுக்குள் 6 மி.மீ. துளைகள், மையத்துக்கு மையம் 12 மி.மீ. அடுத்த வரிசை 10 மி.மீ. கீழே, 6 மி.மீ. தள்ளி. மொத்தத் துளை எண்ணிக்கை முட்டையின் அகலத்தைப் பொறுத்தது. பேப்பர் பஞ்ச் ஷீட்டின் நடுவுக்கு எட்டாது. தோல் பஞ்சும் சுத்தியலும் வேண்டும். நிறம், அடர் ரோஸ். இன்னொரு பாப் ஆர்ட் ஓவியரான ராய் லிச்டென்ஸ்டைனின் ஓவியங்களில் வரும் பென்-டே புள்ளி இதுதான்: மலிவு அச்சில் ஒரே மையால் வெளிர் நிறம் காட்டும் தந்திரம். அடிநிறம் தெரிவதால் நுங்கின் கண்ணாடித்தன்மைக்கு அப்படியே பொருந்தும்.

மூன்றாவது: வட்டத்தைச் சுற்றி 1 செ.மீ. கறுப்பு வளையம். முழுதாக வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழும். நான்கு இடத்தில் 5 மி.மீ. பாலம் விட்டு, அந்த இடைவெளியைப் பிறகு தூரிகையால் நிரப்புங்கள்.

துணிக்கான அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் சேர்க்காதீர்கள்; ஷீட்டுக்கு அடியில் கசியும். ஸ்பாஞ்சில் தொட்டு, பேப்பரில் இரண்டு முறை ஒற்றிவிட்டு, செங்குத்தாகத் தட்டுங்கள். தேய்த்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். ஒரு நிறம் ஒட்டாமல் காய்ந்தபிறகே அடுத்தது. ஆடிக்காற்றில் மொட்டைமாடி வேண்டாம், ஈரப் பெயிண்டில் தூசி அப்பும்.

24 மணி நேரம் கழித்து, பின்பக்கமாக, நீராவி இல்லாமல், பருத்திச் சூட்டில் 3 நிமிடம் அயர்ன் செய்யுங்கள். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது.