அட்டாலியில் (பரணில்) கிடக்கும் பழைய விதையை முளைக்க வைக்கலாம் வாங்க

ஆடிப்பட்டத்துக்கு விதை தேடினால், அட்டாலி டப்பாவில் ரெண்டு மூணு வருசத்துப் பாகல், பீர்க்கன், அவரை எல்லாம் அகப்படும். குப்பையில் கொட்டிடாதீங்க. நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாமல் மூடியிருந்தால் இன்னும் உயிர் இருக்கும். வெங்காய விதை மட்டும் ஒரு வருசம் தாண்டினால் நம்ப முடியாது, புதுசா வாங்கிக்கங்க.

முதல் வேலை, சோதனை. ஈரத்துணியில் 10 விதையைப் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்க. துணி காயக்கூடாது. அவரை ஒரு வாரத்தில் தெரிஞ்சிடும். மிளகாய், கத்தரிக்கு ரெண்டு வாரம் பொறுக்கணும். 7, 8 முளைத்தால் கவலையில்லை. 4, 5 என்றால் குழிக்கு மூணு விதையாப் போடுங்க.

அடுத்து ஊறவைப்பது. நிறையப் பேர் விதையைக் கெடுப்பது இங்கேதான். பழைய விதையின் உட்சவ்வு நைந்திருக்கும். அவரை, தட்டைப்பயறைச் சொம்புத் தண்ணியில் முக்கினால் சடக்கென்று நீரை இழுத்துப் பருப்பு வெடித்துவிடும், சத்தெல்லாம் வெளியே கசிந்துவிடும். மறுநாள் தண்ணி கலங்கி வழவழன்னு நாறுவது அதனால்தான். இவற்றை ராத்திரி ஈரத்துணியில் மடித்து வைத்தாலே போதும், ஈரம் மெல்ல ஏறும்.

பாகல், சுரை, பீர்க்கனுக்குத் தோல் கெட்டி. நகவெட்டியால் முனையோரத்தை லேசாக நறுக்குங்க. ஓடு விரிசல் விட்டதும் நிறுத்திடணும், உள்ளே வெள்ளைப் பருப்பில் படவே கூடாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணியில் 12 மணி நேரம். வெண்டையை நறுக்க வேண்டாம், ஒரு ராத்திரி ஊறினால் போதும். கடையில் வாங்கிய, சாயம் பூசிய விதையை ஊறப்போடாதீங்க; அதில் மருந்து கலந்திருக்கும்.

ஊறியதும் பஞ்சகவ்யம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பியது, நம்ம ஊர்ச் சொத்து. 100 மில்லி தண்ணிக்கு 3 மில்லி, 20 நிமிசம், அவ்வளவுதான். செத்த விதையை இது எழுப்பாது. உயிருள்ள விதைக்குத் தெம்பு தரும். பழைய விதை மெதுவா முளைப்பதால் அதற்குள் மண்ணில் பூஞ்சை பிடிக்கும். அதனால் எடுத்த கையோடு, பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளும் புரட்டிடுங்க. கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு, கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை.

மேல் ஈரம் போகும் அளவுக்கு மட்டும் நிழலில் உலர்த்தி அன்றைக்கே ஊன்றிடுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வரும் ஆடிக்காத்து மேல்மண்ணைப் பொழுதுக்குள் காய வைத்துவிடும். ஊறி முளை விடத் தொடங்கிய விதை மண்ணில் காய்ந்தால் பெரும்பாலும் செத்துடும். பொடக்காலியில் (வீட்டுக் கொல்லையில்) சுவர் மறைவாப் பார்த்து விதைத்து, மேலே தென்னை ஓலை போட்டு, காலையும் மாலையும் பூவாளியில் தெளியுங்க. முளை தலைகாட்டியதும் ஓலையை எடுத்துடணும், இல்லைன்னா நாற்று வெளுத்து நீண்டுடும்.